கரையிலே நிற்பவர் கணக்கிலே இல்லை

ஆற்றைத் திருத்தி அமைக்கப் போகிறோம் என்கிறார்கள். நல்ல சொல்! கரை உயர்த்துவோம், கழிவகற்றுவோம், காண்போர் களிக்கப் பூங்கா அமைப்போம். நடப்போர்க்கு நடைபாதை, ஓடுவோர்க்கு ஓடுபாதை, ஓய்ந்து அமர்வோர்க்குக் கல்லிருக்கை! இவ்வளவும் திட்டத்திலே உண்டு. வரைபடத் தாளிலே ஆறு நீலநிறமாய் ஓடுகிறது. ஓடட்டும், எங்கேனும் ஓரிடத்திலாவது அது நீலமாக ஓடட்டும்! ஆனால், தோழர்களே, அந்தத் தாளை விரித்து வைத்தபோது மேசையைச் சூழ்ந்து நின்றவர் யார்? பொறியாளர் நின்றார், அதிகாரி நின்றார், கடன் கொடுக்கும் வங்கியின் ஆள் நின்றார். இடுப்பளவு நீரிலே நின்று இறால் தடவும் பெண் நின்றாளா? கரையோரம் கூரை வேய்ந்து இரு தலைமுறை வாழ்ந்தவன் நின்றானா?

'மக்களைக் கலந்து' என்று ஒரு தொடர் உண்டு. திட்ட அறிக்கைகளிலே அது தவறாமல் தலைகாட்டும். மணமகனைக் கேட்காமல் மணநாள் குறித்துவிட்டு, அழைப்பிதழிலே 'இருவீட்டார் சம்மதத்துடன்' என்று அச்சடிப்பது போன்ற தொடர் அது. அந்தத் தொடருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. திருவள்ளூர் மண்ணிலே நின்றுகொண்டு அந்த வரலாற்றைப் பார்ப்போம். இங்கே அதற்குச் சான்றும் மிகுதி, சாட்சிகளும் மிகுதி.

கொற்றலையாறு என்பது நம் ஆற்றின் பெயர். வெள்ளையர் வாயிலே அது 'கோர்ட்டலையார்' ஆயிற்று. வடமொழி வாடை வேண்டுவோர் ஏட்டிலே 'குசஸ்தலை' ஆயிற்று. பெயரிலேயே ஊராரைக் கேட்காத வழக்கம் தொடங்கிவிட்டது பாருங்கள்! பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கத்தில் திருப்பப்பட்டு, வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி, மணலியின் ஓரமாய் வந்து எண்ணூர்க் கழிமுகத்திலே கடலைத் தொடுகிறது அது. வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியை நாடிச் செல்கிறது. அதற்கும் அப்பால் கும்மிடிப்பூண்டி, அங்கே சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகள்.

இந்த ஆற்றின் கரை புதியதோர் குடியிருப்பு அல்ல. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரில், 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு பூட்டும் அவருடைய துணைவர் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தனர். அக்கோடரிகளுள் பழையவை 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதே இடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே கருவி செய்யும் முறை மாறியிருந்தது என்று 2018-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. வேதம் பிறக்குமுன், வேந்தர் பிறக்குமுன், சாதி என்ற சொல் பிறக்குமுன், கொற்றலையின் ஓடைக்கரையிலே கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தான் மனிதன்! ஆற்றங்கரைக்குப் பட்டா கேட்டால் அவனன்றோ முதல் உரிமையாளன்! அவனிடம் பட்டா இல்லை. இன்று கரையிலே வாழ்பவனிடமும் இல்லை. அந்த ஒன்றிலே மட்டும் 15 இலட்சம் ஆண்டுகளாக மாறுதல் காணோம்.

மக்கள் பங்கேற்பு என்றதும் பழம்பெருமை பேசுவோர் எழுந்து நிற்பர். "உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாரீர்! பராந்தகன் காலத்திலேயே ஏரிவாரியம் இருந்தது, குடவோலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தனர், நீர்நிலையை ஊராரே காத்தனர்" என்பர். உண்மைதான். 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் அவை. ஏரிக்கென்று தனி வாரியம் வைத்த ஊர் அது என்பதிலே நமக்கும் பெருமைதான். ஆனால் கல்வெட்டின் ஒரு பகுதியை உரக்கப் படித்து மறுபகுதியை முணுமுணுப்பது புலவர்க்கு அழகாகாது. குடத்திலே இடும் ஓலையில் எவன் பெயர் எழுதலாம்? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவன். சொந்த மனையிலே வீடு கட்டியவன். 35 வயதுக்குமேல் 70 வயதுக்குட்பட்டவன். மந்திரப் பிராமணம் வல்லவன். ஒரு வேதமும் ஒரு பாடியமும் ஓதியவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம் என்பதை நினைவிலே கொள்ளுங்கள். ஏரியிலே மண் சுமந்தவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. மதகைத் திறந்தவன் பெயர் ஏறவில்லை. உழுதவள், நட்டவள், அறுத்தவள் எவள் பெயரும் ஏறவில்லை. குடவோலை இருந்தது, குடிமகன் ஓலை இல்லை.

குடிமராமத்தும் இத்தகையதே. ஊர்க் கால்வாயை ஊரார் கூடித் தூர்வாரும் வழக்கம் அது. நல்ல வழக்கம். எனினும், மண்வெட்டி பிடித்தவன் யார், நிழலில் நின்று கணக்குப் பார்த்தவன் யார் என்று கேட்டால் சேரிக்கும் ஊருக்கும் இடையே உள்ள தெருவே விடை சொல்லும். கும்பினியார் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கினர். 1858-ஆம் ஆண்டின் முதற்சட்டம் அது. அதற்கு அவர்களே சூட்டிய பெயர் 'கட்டாய உழைப்புச் சட்டம்'. பெயரிலே பொய் இல்லை. அதற்காகவேனும் வெள்ளையனைப் பாராட்டலாம். 2017-இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஏரிகளைத் தூர்வாரத் தொடங்கிற்று. பணியை ஒப்படைத்தது எவரிடம்? பாசன நிலம் உடையோர் சங்கங்களிடம். நிலமற்றவன் இம்முறையும் ஓலைக்கு வெளியே.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், 'ஊராரைக் கேள்' என்ற சொல்லிலே ஒளிந்து நிற்கும் 'எந்த ஊரார்?' என்ற கேள்வியை முதலிலேயே வெளியே இழுத்து நிறுத்தத்தான்.

இனி நகரத்து ஆற்றுக்கு வருவோம். கூவம்! பெயரைச் சொன்னாலே மூக்கைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது அந்த ஆறு. அது பிறப்பது நம் மாவட்டத்திலே. கேசவரம் அணைக்கட்டின் அருகே கொற்றலையிலிருந்து பிரிந்து, கூவம் என்னும் ஊரைத் தொட்டு, பாடல்பெற்ற கோவிலொன்றைத் தன் கரையிலே தாங்கி, தெளிந்த நீராய்ப் புறப்படுகிறது. ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நடந்து சென்னையைக் கடக்கும்போது சாக்கடையாகிறது. பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையிலே கூவத்தில் நீராடினார் என்று வரலாறு கூறுகிறது. 1734-இல் கும்பினியார் கூவம் வளைந்து திரும்பும் இடத்திலே நெசவாளரைக் குடியமர்த்தினர். சின்னத் தறிப்பேட்டை அப்படித் தோன்றியது. நாம் சிந்தாதிரிப்பேட்டை என்கிறோம். ஆற்றுக்கும் தறிக்கும் உறவு உண்டு. துணி வெளுக்க நீர் வேண்டுமே! அன்றைய வாணிகனுக்கு ஆற்றங்கரையிலே பாட்டாளி தேவைப்பட்டான்; அழைத்துவந்து குடியேற்றினான். இன்றைய நகரத்துக்கு அதே கரையிலே பாட்டாளி இடைஞ்சல்.

பக்கிங்காம் கால்வாயையும் மறத்தல் ஆகாது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்டது முதற்பகுதி. 1877-78-இன் கொடும்பஞ்சத்திலே, பட்டினியால் எலும்பாகி நின்றவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினர். கால்வாய்க்குப் பெயர் வைத்தபோது பஞ்சத்திலே வெட்டியவன் பெயரை வைக்கவில்லை. ஆளுநர் பக்கிங்காம் பெயரை வைத்தனர். வெட்டியவன் பேரன் அதன் கரையிலே குடிசை போட்டான். 'ஆக்கிரமிப்பாளன்' என்று அவனுக்குப் பெயர் வந்தது. ஆக, அந்தக் குடும்பத்துக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது!

'புறம்போக்கு' என்ற சொல்லைச் சிறிது நிறுத்திப் பார்க்க வேண்டும். வரி விதித்த நிலத்துக்குப் புறம்பே போகும் நிலம் அது. ஆறு, ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, சுடுகாடு, களம் யாவும் புறம்போக்கு. தனியொருவனுக்கு உரியதன்று, ஆகவே எல்லோர்க்கும் உரியது. அப்படிப்பட்ட பொதுவுடைமைச் சொல்லை இன்று தெருச்சண்டையிலே வசவாகப் பயன்படுத்துகிறோம். பொதுநிலத்தை இழிவாக எண்ணும் மனம் பொதுநிலத்திலே வாழ்பவனையும் இழிவாக எண்ணுகிறது. சொல் கெட்டது, பின்னே நிலம் கெட்டது.

சென்னை நகரம் குடிக்கத் தொடங்கிய வரலாறும் கொற்றலையின் வரலாறேயாகும். 1872-இல் தாமரைப்பாக்கத்திலிருந்து சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்கு நீரைத் திருப்பி நகருக்குக் கொண்டுசென்றனர். 1940-இல் அடிக்கல் நாட்டி 1944-இல் பூண்டி நீர்த்தேக்கத்தை முடித்தனர். சென்னை மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கொள்கையிலே நம்மோடு முட்டியவர். ஆயினும் நகரத்தின் தாகத்தை உணர்ந்தவர் என்பதை ஒப்புவதிலே நமக்குக் கூச்சமில்லை. ஆயினும் பூண்டிக்குக் கீழே ஆற்றை நம்பி நின்ற ஊர்களின் தாகம் யார் கணக்கிலே ஏறிற்று? 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாட்டு அமைப்பின் துணையோடு நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் ஆழ்கிணறுகள் தோண்டி மணலி ஆலைகளுக்கும் நகருக்கும் இறைத்தனர். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியிருந்தது. இறைத்த வெற்றிடத்திலே கடல்நீர் புகுந்தது. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உவர்ந்தன. நகரமும் ஆலையும் தித்திக்கக் குடித்தன. ஊர் உப்பைக் குடித்தது.

அடுத்துச் சொல்லவிருப்பதை நம்மவர் வரலாறாதலால் மறைக்காமல் சொல்லவேண்டும். 1967-இல் அண்ணா தலைமையிலே ஆட்சி அமைந்தபின் கூவத்தைச் செப்பனிடும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. கலைஞர் ஆட்சியிலே 1970-களின் தொடக்கத்தில் கூவத்திலே படகும் விட்டார்கள். படகுத் துறைகளுக்குச் சங்ககால வள்ளல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். சாக்கடையிலே தமிழை மணக்கவைக்க எண்ணிய அந்த உள்ளம் உயர்ந்த உள்ளம். ஆனால் படகு நெடுநாள் ஓடவில்லை. கரையைக் கட்டினோம், நகரின் கழிவு வந்து விழும் வாய்களை அடைக்கவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெயரால் துறை கட்டினோம், அத்துறையின் அருகே குடியிருந்தவனைக் கூப்பிட்டு, "எந்தக் குழாயிலிருந்து எப்போது கழிவு வருகிறது?" என்று கேட்கும் ஏற்பாடு ஒன்று செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அதே காலத்திலே நம்மவர் செய்த மற்றொன்று போற்றத்தக்கது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தொடக்க ஆண்டுகளிலே, குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, மாடி வீடு எழும்பிற்று. மீனவன் கடலருகே இருந்தான். சுமைதூக்குவோன் சந்தையருகே இருந்தான். பிற்காலத்திலே அந்நெறி நழுவிற்று. நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழையின் வீடு நகருக்கு வெளியே நகர்ந்தது. 2010-இல் சென்னை ஆறுகள் மீட்டெடுப்பு அறக்கட்டளை அப்பெயரைப் பெற்றது. கூவத்தை மீட்கும் பெருந்திட்டம் பின்னர் வந்தது. அத்திட்டத்துக்காகக் கரையிலிருந்து அகற்றப்பட வேண்டியவை என்று கணக்கிட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 14,000. பெரும்பாக்கம், நாவலூர் ஆகிய இடங்களுக்கு அனுப்பினார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கூடப்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கூவம் பிறக்கும் மாவட்டத்துக்கே கூவக்கரை மனிதன் திரும்பிவந்தான்; வேலையை அங்கே விட்டுவிட்டு வந்தான்! வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு விடியலிலே பேருந்து ஏறினால்தான் வேலை. பள்ளியாண்டின் நடுவிலே பிள்ளையைப் பெயர்த்தெடுத்தால் அவன் படிப்பு என்னாகும் என்பதை ஆசிரியத் தொழில் செய்பவர் எவரும் விளக்கவேண்டியதில்லை. வெள்ளம் வரும் கரையிலே மக்கள் வாழத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பார்த்தவர் அக்கேள்வியைத் தள்ளமாட்டார். ஆனால் ஆற்றின் வழியை அடைத்து எழுந்த பெருங்கட்டடங்களிடமும் அதே கேள்வியைக் கேட்டோமா? குடிசையைக் கண்டால் வெள்ளம் நினைவுக்கு வருகிறது; மாளிகையைக் கண்டால் மறந்துபோகிறது. 2021-இல் அந்த வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 'குடிசை' என்ற சொல் போயிற்று. அது நன்று. அகற்றுவதற்கு முன் கேட்பது என்ற வழக்கம் வரவேண்டும்.

இப்போது எண்ணூருக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் நெஞ்சு அங்கேதான் துடிக்கிறது.

கொற்றலை கடலோடு கலக்கும் அந்தக் கழிமுகம் உவர்நீரும் நன்னீரும் ஊடாடும் இடம். அலையாத்தி வளரும் இடம். இறாலும் நண்டும் மடவையும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் தொட்டில். மழைவெள்ளம் கடலுக்குப் போவதும் அதன் வழியே. கடல் பொங்கினால் தாங்கிக்கொள்வதும் அதன் பரப்பே. 1996-இல் மைய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மேலாண்மை வரைபடத்திலே இக்கழிமுகம் முழுவதும் காக்கப்படவேண்டிய நீர்ப்பரப்பு என்று காட்டப்பட்டிருந்தது. பின்னர் வேறொரு படம் புழக்கத்துக்கு வந்தது. அந்தப் படத்திலே கழிமுகமே இல்லை! ஆற்றைக் காணோம் என்று கதையிலே படித்தால் சிரிப்போம். இங்கே ஏட்டிலே நடந்தது. மாயாவி ஒருவன் மந்திரம் ஓதிக் கடலை வற்றச் செய்தான் என்று புராணிகன் சொன்னால், பகுத்தறிவாளர் நாம் 'புளுகு' என்போம். மையை ஒற்றியெடுத்து ஆற்றை வற்றச் செய்த மாயத்தை என்னென்பது?

அந்த மாயத்தை உடைத்தவர் யார்? மீனவர். நடந்து நடந்து கால் அறிந்த நிலம், துழாவித் துழாவித் துடுப்பு அறிந்த நீர். "இங்கே ஆறு இருக்கிறது, நாங்கள் நேற்றும் வலை போட்டோம்" என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேள்வி எழுப்பிய ஆர்வலர்கள், ஒப்புதல் பெற்றது 1996-ஆம் ஆண்டின் படமே என்ற விடையை மைய அரசிடமிருந்தே பெற்று 2017-இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியிருந்தார். வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் இயங்கத் தொடங்கியது. அதன் சாம்பலை நீரோடு கலந்து குழாய்வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குக் கொண்டுசெல்வார்கள். குழாய் உடைந்து ஒழுகிற்று, ஆண்டுக்கணக்கிலே ஒழுகிற்று. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்திலே முழங்கால் அளவு நீர் என்று மீனவர் முறையிட்டனர். தீர்ப்பாயம் பேராசிரியர்கள் கொண்ட குழுவை அனுப்பிற்று. குழு வந்து அளந்தது. மீனவர் சொன்னது மெய் என்றது. 2022 சூலையில் தீர்ப்பு வந்தது. சாம்பலை அகற்றுக, 1996-இன் படத்தை வைத்துக் கழிமுகத்தின் எல்லையை வகுத்து ஈரநிலமாக அறிவிக்க வழிசெய்க என்ற கட்டளை பிறந்தது. எழுதப்படிக்க அதிகம் வாய்ப்புப் பெறாத ஒரு மக்கட்கூட்டம், ஏட்டிலிருந்து அழிக்கப்பட்ட ஆற்றை ஏட்டிலே திரும்ப எழுதவைத்த வரலாறு இது! உத்தரமேரூர்க் குடத்திலே அவர்கள் பெயர் விழவில்லை. எண்ணூரிலே அவர்களே குடத்தைத் தூக்கிவந்து வைத்தார்கள்.

தீர்ப்போடு துன்பம் தீர்ந்ததா? 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பாய்ந்து கழிமுகத்தை மூடிற்று. வாளியும் குவளையும் கொண்டு மீனவர்கள் எண்ணெயை முகந்தார்கள். கோடிகளைக் கணக்கிடும் தொழில்வட்டாரத்தின் தூய்மைக் கருவி, மீனவன் வீட்டுக் குவளை! அதே திங்கள் 26-ஆம் நாளிரவு உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவிலே வீட்டைவிட்டு ஓடினார்கள்.

மீனவர் அறிவுக்கு மற்றொரு சான்று 'காக்கா ஆழி'. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சிப்பியினம் அது. கப்பல்கள் சுமந்துவரும் நீரோடு வந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. கழிமுகத்தின் அடியைக் கம்பளம்போல் மூடி, இறால் மேயும் சேற்றை இல்லாமற் செய்கிறது. முதலிலே கண்டு, பெயரிட்டு, கூக்குரலிட்டவர் மீனவர். பிறகே அறிவியலார் வந்து அதன் இலத்தீன் பெயரை உறுதிசெய்தனர். ஆற்றைத் திருத்தும் திட்டத்திலே இந்த அறிவுக்கு ஊதியம் என்ன? நிபுணருக்குக் கட்டணம் உண்டு. காக்கா ஆழியைக் கண்டுசொன்னவனுக்குக் கூட்டத்துக்கு வந்துபோன நாளின் கூலி இழப்புத்தான் உண்டு.

என்றாலும், மீனவரைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிட்டால் நாம் சீர்திருத்தம் பேசும் தகுதியை இழப்போம். பழவேற்காட்டிலே 'பாடு' என்னும் முறை உண்டு. எந்த இடத்திலே எவர் எந்நாள் வலையிடுவது என்று சீட்டுப்போட்டுப் பகிர்ந்துகொள்வர். சண்டையின்றி, சர்க்கார் தலையீடின்றி, நீரைப் பங்கிடும் அழகிய முறை. ஆனால் சீட்டிலே இடம் பெற இன்ன குலத்திலே பிறந்திருக்க வேண்டும். ஆணாய்ப் பிறந்திருக்க வேண்டும். அதே நீரிலே கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்க்குச் சீட்டு இல்லை. மீன்கூடையைச் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காக்கும் பெண்ணுக்கும் இல்லை. திட்டக்காரர் குப்பத்துக்கு வந்து "ஊர்ப் பெரியவர்களைக் கலந்தோம்" என்று எழுதிச் சென்றால், இருளரின் பெயர் இரண்டாம் முறை அழிகிறது. கும்மிடிப்பூண்டியிலே இன்னும் விந்தை! ஆலையிலே வேர்வை சிந்துபவருள் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் பலர். அவர்களுக்கு இங்கே வாக்கில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகாமிலே வாழும் ஈழத்தமிழர் உள்ளனர்; அவர்களுக்கு எங்குமே வாக்கில்லை. நச்சுநீர் குடிப்பதற்கு மட்டும் வாக்காளர் பட்டியல் கேட்பதில்லை.

கேட்பதற்கென்று சட்டம் இல்லையா? உண்டு. கருத்துக்கேட்புக் கூட்டம் 1997 முதல் சட்டத்திலே இடம்பெற்றது. 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை இன்றும் அதை நடத்துகிறது. அந்த அறிவிக்கையிலே இரண்டு செய்திகளைப் படித்துப் பாருங்கள். கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்கவேண்டும் என்ற வரம்பு கிடையாது. நாற்காலிகள் மட்டும் வந்திருந்தாலும் கூட்டம் கூட்டமே! இரண்டாவது, ஆய்வறிக்கையின் சுருக்கம் மட்டுமே உள்ளூர் மொழியிலே தரப்படும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்திலே இருக்கும். கழிமுகத்தின் தலையெழுத்து ஆங்கிலத்திலே. கழிமுகத்து மக்களுக்கு அதன் நிழல் மட்டும் தமிழிலே. 2020-இல் இச்சட்டத்தையே மாற்ற வரைவொன்றை வெளியிட்டபோது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டார்கள்! எண்ணூர் மீனவன் இந்தி கற்று வந்து தன் ஆற்றைப் பற்றிக் கருத்துக் கூறவேண்டுமாம்! எட்டாம் அட்டவணை மொழிகளிலெல்லாம் வரைவைப் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர்நீதிமன்றமே அந்த ஆண்டு சூனிலே சொல்ல நேர்ந்தது. ஆட்சிமொழிச் சிக்கலை அரசியல்வாதிகளின் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் இந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப்பார்க்கட்டும். தெரியாத மொழியிலே கேட்பது, கேட்காமல் இருப்பதைவிட ஒருபடி கூடுதலான ஏய்ப்பு.

வெளியுலகிலே எப்படி? செருமானிய நாட்டு மூனிச் நகரிலே ஈசார் என்றோர் ஆறு. நேர்கோடாகக் கரைகட்டி அடைத்து வைத்திருந்த அவ்வாற்றை 2000 முதல் 2011 வரை எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு அவிழ்த்துவிட்டனர். செலவு மூன்றரைக் கோடி யூரோ. நகருக்குள் வரும் பகுதிக்கு வடிவப் போட்டி வைத்தனர். நடுவர்கள் ஒரு வடிவத்தைத் தேர்ந்தனர். குடிமக்கள் அமைப்புகளோ இரண்டாம் பரிசு பெற்ற வடிவமே ஆற்றுக்கு இயல்பானது என்று வாதிட்டன. நடுவர் தீர்ப்பே முடிவு என்று கதவடைக்காமல், இரண்டையும் இணைத்து மூன்றாவது வடிவம் செய்தனர். ஆறு இன்று கூழாங்கல்லின் மேல் குதித்தோடுகிறது, நகரத்தார் குளிக்கின்றனர். செல்வம் மிகுந்த நாடு, அகற்றவேண்டிய குடிசைகள் அற்ற கரை என்ற வேறுபாடுகள் உண்டு. அவற்றை மறந்து அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது பேதைமை.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு அகமதாபாத்தின் சபர்மதி. 1997-இல் கழகம் அமைத்தார்கள். இருகரையிலும் சிமெண்டுச் சுவர் எழுப்பி நடைபாதை போட்டார்கள். படம் எடுத்தால் பளபளக்கிறது. அந்தப் பளபளப்புக்காக இடம் பெயர்ந்த குடும்பங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். கரைவாழ் மக்கள் தாமே ஒரு மன்றம் அமைத்து 2005-இல் உயர்நீதிமன்றம் சென்றார்கள். மாற்றுவீட்டைப் பற்றிய விவரங்களையே வழக்காடித்தான் அவர்கள் பெறவேண்டியிருந்தது. நம் நாட்டுத் திட்டக்காரர்க்கு மூனிச்சைவிடச் சபர்மதிதான் கண்ணுக்கு நெருக்கம். எனக்கு அந்த அச்சம் உண்டு.

கொற்றலைப் படுகையிலே வெள்ளநீர் வடிகால் அமைக்க 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25 கோடி டாலருக்குமேல் கடன் ஒப்புக்கொண்டது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய பகுதிகளிலே வேலை நடைபெறுகிறது. கழிமுகத்தை மீட்கும் பேச்சும் அலையாத்தி நடும் பேச்சும் அரசுத் தரப்பிலே எழுந்துள்ளன. வரவேற்போம். வரைபடத்தைச் சுருட்டி அலுவலகத்திலே வைக்காமல் காட்டுக்குப்பத்திலும் சிவன்படைகுப்பத்திலும் செப்பாக்கத்திலும் தமிழிலே எழுதித் தொங்கவிட என்ன தடை? மீன்பாடுள்ள நேரத்திலே கூட்டம் கூட்டி, வந்தவர் குறைவு என்று குறிப்பெழுதாமல், நீர் வற்றி வலை காயும் நேரம் பார்த்துக் கூட்டுவதிலே என்ன செலவு? பெண்களுக்கும் இருளர்க்கும் தனியே ஒரு நாள் ஒதுக்கலாம். பெரியவர்கள் முன்னிலையிலே வாய் திறவாதவர் அன்று திறப்பர். ஆழம் அளக்கும் கருவியோடு படகேறும் பொறியாளர், துடுப்புப் பிடிப்பவனிடம் "பத்தாண்டுக்கு முன் இங்கே எவ்வளவு?" என்று கேட்டு, அவன் சொல்லும் எண்ணையும் தன் எண்ணுக்குப் பக்கத்திலே எழுதலாம். அட்டவணையிலே ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான். அந்தப் பத்திக்குத் தலைப்பு என்ன வைப்பது என்று அவர் தயங்கினால், கரையிலே நிற்பவரைக் கேட்கட்டும்.